செவ்வணிலை எண்ணுகிறவர்கள்

அணிலைக் காப்பாற்ற ஆள் வேண்டுமா என்று நம் ஊரில் யாருக்கும் கேட்கத் தோன்றும். மதில்மேல் ஓடுகிறது, கொய்யாவைப் பாதி கடித்துப் போடுகிறது, பரணில் தேங்காய் நார் சேர்த்துக் குட்டி போடுகிறது. விரட்டினாலும் போகாத பிராணி. ஆனால் வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அயர்லாந்திலும் ஊருக்கு ஊர் ஒரு குழு இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியர், ஆடு வளர்ப்பவர், தபால்காரர், வனத்துறையில் வேலை பார்ப்பவர் என்று பலவகை ஆட்கள். சம்பளம் கிடையாது. மழையிலும் குளிரிலும் காட்டுக்குள் போய் அணிலை எண்ணி எழுதிக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் ஏன் எண்ணுகிறார்கள், எண்ணுவதால் அணில் எப்படிப் பிழைக்கும் என்பதைத்தான் சொல்ல வந்தேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அவசரமாகச் சொன்னால் தப்பாகப் புரிந்துவிடக்கூடிய விஷயம் இது, நிதானமாகவே போவோம்.

பிரிட்டனில் இரண்டு அணில் உண்டு. ஒன்று செவ்வணில். ஐரோப்பா தொடங்கி சைபீரியா தாண்டி பசிபிக் கரை வரை பரவி வாழும் இனத்தின் மேற்குக் கோடிக் கிளை. மற்றது சாம்பல் அணில், வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளைச் சேர்ந்தது. செவ்வணில் 300 கிராம் அளவில்தான் இருக்கும். சாம்பல் அணில் ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு. நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது. சாம்பல் அணிலின் முதுகிலும் காலிலும் செம்பழுப்பு ஓடியிருக்கும், செவ்வணில் சில பருவங்களில் மங்கிப் பழுப்பும் சாம்பலுமாகத் தெரியும். பழகியவர்கள் காதையும் வாலையும் பார்ப்பார்கள். குளிர்காலத்தில் செவ்வணிலின் காது நுனியில் முடிக்கொத்து நீண்டு நிற்கும். சாம்பல் அணிலின் வாலைச் சுற்றி வெள்ளை விளிம்பு இருக்கும். தன்னார்வலராகச் சேர்பவருக்கு முதல் பாடமே இதுதான். ஒரு காட்டில் எந்த அணில் இருக்கிறது என்று தப்பாக எழுதிவிட்டால் அதன்மேல் எடுக்கிற எல்லா முடிவும் தப்பாகிவிடும்.

சாம்பல் அணில் தானாக அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரவில்லை. ஆவணத்தில் உள்ள முதல் விடுவிப்பு 1876-இல், செஷையர் மாவட்டத்தின் ஹென்பரி பூங்காவில். வெளிநாட்டு விலங்குகளைத் தோட்டத்தில் ஓடவிட்டு அழகு பார்ப்பது அன்றைய பணக்காரர்களின் பொழுதுபோக்கு. 1890-இல் பெட்ஃபர்ட் பிரபு நியூஜெர்சியிலிருந்து பத்து அணில்களை வரவழைத்து வோபர்ன் பண்ணையில் விட்டார். அங்கே பெருகியதைப் பிற எஸ்டேட்டுகளுக்கும் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அயர்லாந்துக்கு 1911-இல் போனது. லாங்ஃபர்ட் மாவட்டத்தின் காஸில் ஃபோர்ப்ஸில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு வந்த பரிசுக் கூடையில் சாம்பல் அணில்கள் இருந்தன என்று வரலாறு சொல்கிறது. அறுபது ஆண்டுகள் கழித்துத்தான் அரசுக்கு உறைத்தது. 1937-இல் சாம்பல் அணிலை இறக்குமதி செய்வதும் வளர்ப்பதும் சட்டப்படி தடையானது. 1950-களில் ஒரு வாலுக்கு ஒரு ஷில்லிங் என்று சன்மானம் அறிவித்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேல் கொன்று பார்த்தும் பரவல் நிற்காததால் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அதே பிரிட்டன்தான் செவ்வணிலையும் வேட்டையாடியது. பைன் மரத்தின் இளந்தண்டைக் கடிக்கிறது என்று குற்றம் சாட்டி, ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி நிலக்கிழார்கள் 1903-இல் ஹைலண்ட் அணில் சங்கம் என்று ஒன்றை அமைத்து, வாலுக்குக் காசு கொடுத்துப் பல்லாயிரம் செவ்வணில்களைக் கொல்ல வைத்தார்கள். பீட்ரிக்ஸ் பாட்டர் லேக் டிஸ்டிரிக்ட் ஏரிக்கரையில் கண்ட செவ்வணிலை நாயகனாக வைத்து எழுதிய குழந்தைக் கதை வெளியானதும் அதே 1903-இல்தான். ஸ்காட்லாந்தில் காடழிப்பால் செவ்வணில் ஏறக்குறைய இல்லாமலே போய், 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலிருந்தும் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் கொண்டுவந்து விட்ட வரலாறும் உண்டு. ஆக, மனிதன் தொடாத, கலப்பில்லாத ஓர் ஆதி அணிலை நாம் காப்பாற்றிக்கொண்டிருக்கவில்லை. மனிதனால் அழிந்து, மனிதனால் திரும்பி, மறுபடி மனிதனின் செயலால் விளிம்புக்கு வந்த உயிர் இது. அதனால்தான் அதற்கு நாம் பொறுப்பேற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இன்றைய நிலை இது. 2018-இல் பாலூட்டிகள் சங்கம் வெளியிட்ட மதிப்பீட்டில், பிரிட்டனில் செவ்வணில் சுமார் 2,87,000. அதில் ஸ்காட்லாந்தில் மட்டும் 2,39,000. இங்கிலாந்தில் நாற்பதாயிரத்துக்குள், வேல்ஸில் பத்தாயிரத்துக்குள். சாம்பல் அணில் 27 லட்சம். தெற்கு இங்கிலாந்தில் வளரும் ஒரு குழந்தை, ஒயிட் தீவுக்கோ பூல் துறைமுகத்தின் பிரௌன்ஸீ தீவுக்கோ போனால்தான் தன் நாட்டு அணிலைப் பார்க்க முடியும்.

பெரிய அணில் சின்ன அணிலை அடித்து விரட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சண்டையே நடப்பதில்லை. ஒரே காட்டில் ஒரே கிளையில் இரண்டும் போய்வருவதைப் பார்க்கலாம். நடப்பது சாப்பாட்டு விஷயம். ஓக் மரத்தின் கொட்டையில் உள்ள துவர்ப்புப் பொருளைச் சாம்பல் அணிலின் குடல் சமாளித்துவிடும், செவ்வணிலுக்கு அது சரியாகச் செரிக்காது. ஹேசல் கொட்டை முற்றும் முன்பே சாம்பல் அணில் தின்றுவிடும், செவ்வணில் முற்றுவதற்குக் காத்திருக்கும். காத்திருந்து வரும்போது மரம் காலி. குளிர்காலத்துக்கென்று செவ்வணில் புதைத்து வைத்ததையும் சாம்பல் அணில் தோண்டி எடுத்துவிடுகிறது. அகல இலை மரங்கள் உள்ள காட்டில் ஒரு ஹெக்டேருக்கு ஒரு செவ்வணில் பிழைக்கும் என்றால், அதே இடத்தில் சாம்பல் அணில் பல மடங்கு அடர்த்தியாக வாழும். தாய்க்கு உடம்பு தேறாது, குட்டி குறைவாகப் பிறக்கும், பிறந்த குட்டியும் வசந்தம் வரை தாங்காது. பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் நடந்த மாதிரியே தெரியாது. பத்துப் பதினைந்து ஆண்டில் அந்தக் காட்டில் செவ்வணில் இருக்காது.

போட்டி மட்டுமே போதும் என்பதற்கு இத்தாலி சாட்சி. 1948-இல் டூரின் நகருக்கு அருகே ஸ்டூபினிஜியில் நான்கே நான்கு சாம்பல் அணில்களை விட்டார்கள். அவற்றின் வழிவந்த அணில்களிடம், பிரிட்டனில் செவ்வணிலைக் கொல்லும் வைரஸ் கிடையாது. ஆனாலும் பீட்மாண்ட் சமவெளியில் செவ்வணில் இடம் இழந்துகொண்டே வந்தது.

பிரிட்டனில் வைரஸும் சேர்ந்துகொண்டது. அதை அணில் அம்மை என்று சொல்லலாம். சாம்பல் அணில் அதைச் சுமக்கும், ஆனால் பெரும்பாலும் நோய்ப்படாது. செவ்வணிலுக்குத் தொற்றினால் கண், வாய், பாதம் சுற்றிப் புண்ணும் பொருக்கும் கட்டும். பார்வை மறையும், கடிக்க முடியாது. பட்டினியிலும் தாகத்திலும் இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். வைரஸ் உள்ள சாம்பல் அணில் வந்த இடத்தில், வைரஸ் இல்லாத இடத்தைக் காட்டிலும் 17 முதல் 25 மடங்கு வேகமாகச் செவ்வணில் மறைகிறது என்று 2006-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

எண்ணுகிறவர்களின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. நோயைச் சுமந்து ஒரே ஒரு சாம்பல் அணில் காட்டுக்குள் நுழைந்தாலே கதை மாறிவிடும் என்றால், அந்த ஒரு அணிலை யார் பார்ப்பது? அரசு அலுவலகத்தில் இருப்பவர் பார்க்க மாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளரும் பார்க்க மாட்டார். சமையலறை ஜன்னலுக்கு வெளியே தினமும் பார்க்கிறவர்தான் பார்ப்பார். ‘நேற்றுவரை மூன்று செவ்வணில் வரும், இன்று வந்தது வேறு மாதிரி இருந்தது’ என்று அவர் உள்ளூர்க் குழுவுக்குச் சொல்லும் ஒரு வரித் தகவலை நம்பித்தான் மொத்த ஏற்பாடும் நிற்கிறது.

வட இங்கிலாந்தில் 2012 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. நார்தம்பர்லாந்து, கம்ப்ரியா, யார்க்‌ஷையரின் சில பகுதிகள், லிவர்பூலுக்கு வடக்கே ஃபார்ம்பி கடற்கரை என்று காடு காடாகப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு காட்டுக்கும் ஓர் ஆள். இலை முழுதாகத் துளிர்க்கும் முன், மரம் மொட்டையாக இருக்கும்போது பார்ப்பது நல்லது. சிலர் குறித்த பாதையில் மெல்ல நடந்து, அங்கங்கே நின்று, மேலே பார்த்து எழுதுவார்கள். செவ்வணில் தன் பொழுதில் பெரும்பகுதியை மர உச்சியில் கழிக்கும் பிராணி, ஆகவே கழுத்து வலிக்கும் வேலை. சிலர் மரத்தில் தீனிப்பெட்டி ஒன்றை ஆணியடித்து, எதிர்மரத்தில் தானாகப் படம் எடுக்கும் கேமராவைக் கட்டிவிட்டு வந்துவிடுவார்கள். இரண்டு வாரம் கழித்துப் போய் மெமரி கார்டை எடுத்து வந்து, வீட்டில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான படங்களைப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் சிட்டுகளும் மரங்கொத்தியும் காற்றில் ஆடிய கிளையுமாகத்தான் இருக்கும்.

கேமரா மலிவாகும் முன்பிருந்தே இன்னொரு வழியும் உண்டு. கைநீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கிளையோடு சேர்த்துக் கட்டி, உள்ளே கொட்டை வைத்து, மேல்புறத்தில் பசை நாடா ஒட்டிவிடுவார்கள். கொட்டைக்காக உள்ளே புகும் அணிலின் முதுகு முடி நாடாவில் ஒட்டிக்கொள்ளும். அந்த முடிக்குச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் இனம் தெரிந்துவிடும். செவ்வணில் முடியின் நீளத்தில் ஒரு பள்ளம் ஓடும். சாம்பல் அணில் முடி உருளையாக இருக்கும். இவ்வளவு மெனக்கெடுவது எதற்கென்றால், மற்ற தடயங்கள் கைகொடுப்பதில்லை. தரையில் கிடக்கும் பைன் கூம்பை எடுத்துப் பார்த்தால் செதில் எல்லாம் உரிந்து நடுத்தண்டு மட்டும் இருக்கும். அணில் தின்றது என்று தெரியும், எந்த அணில் என்று தெரியாது. இரண்டும் ஒரே மாதிரிதான் தின்கின்றன.

இந்தக் கணக்கெடுப்பில் எனக்கு மிகப் பிடித்த விஷயம், எதையும் காணவில்லை என்று எழுதுவதற்கும் அங்கே மதிப்பு இருப்பது. புதிதாகச் சேர்பவர்களுக்கு இது புரிய நாளாகும். காட்டுக்குப் போனேன், ஒன்றும் இல்லை, எதற்கு அனுப்புவது என்று படிவத்தை மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் போன ஆண்டு செவ்வணில் இருந்து இந்த ஆண்டு எதுவும் இல்லை என்றால் அது ஒரு செய்தி. பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த சாம்பல் அணில் இந்தப் பள்ளத்தாக்குக்கு இன்னும் வரவில்லை என்றால் அதுவும் ஒரு செய்தி. ஒரே காட்டுக்கு ஒரே முறையில் ஆண்டுதோறும் போனால்தான் ஏற்றமும் இறக்கமும் தெரியும். பார்க்க அழகான காடு, நிறைய அணில் தெரியும் காடு என்று இடத்தை மாற்றிக்கொண்டே போனால் கணக்கு கெட்டுவிடும். சலிப்பைத் தாங்கிக்கொண்டு, அதே மொட்டை மரங்களுக்கு அடியில் நின்று மறுபடியும் பூஜ்யம் என்று எழுதுகிறவரை நான் மனதார வணங்குகிறேன்.

நோய் வந்த காலத்தில் இந்தக் கண்களுக்கு என்ன பயன் என்பதை ஃபார்ம்பி காட்டியது. லிவர்பூலுக்கு வடக்கே மணல்மேடுகளின்மேல் நட்டு வளர்த்த பைன் தோப்புகள் அவை. செவ்வணில்கள் கையெட்டும் தூரத்தில் ஓடும், பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். 2008-இல் அம்மை புகுந்தது. ஒவ்வொன்றாகச் செத்து, ஐந்தில் நான்குக்கும் மேல் போய்விட்டது. இனி அவ்வளவுதான் என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் சுற்றிலும் சாம்பல் அணில் நுழையாமல் பார்த்துக்கொண்டார்கள், மிஞ்சியவற்றை விடாமல் கண்காணித்தார்கள். சில ஆண்டுகளில் எண்ணிக்கை திரும்ப ஏறியது. லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே பிடித்துப் பார்த்த சில அணில்களின் ரத்தத்தில் அம்மைக்கு எதிரான புரதம் இருந்தது. அதாவது, ஒரு சில தப்பிப் பிழைத்திருந்தன. பெரிய நம்பிக்கை வைக்கும் அளவு இல்லை, 2019-இல் அதே பகுதியில் மறுபடி நோய் வந்தது. இருந்தாலும், விட்டுவிடாமல் நின்றால் மீளும் என்பதற்கு ஃபார்ம்பி ஆதாரம்.

அம்மை கண்ட ஊரில் குழுவினர் செய்கிற முதல் வேலை, வீடு வீடாகப் போய்த் தீனிப்பெட்டியை எடுத்துவிடச் சொல்வது. இதுதான் மிகக் கடினம் என்பேன். வயதான ஒருவர், தனியாக வாழ்பவர், காலையில் ஜன்னலுக்கு வரும் அணிலுக்குக் கொட்டை வைப்பதில்தான் நாளைத் தொடங்குவார். அவரிடம் போய், நீங்கள் அன்பாக வைக்கும் இந்தப் பெட்டியில்தான் நோயுள்ளதும் இல்லாததும் ஒரே இடத்தில் வாய் வைக்கின்றன, சில வாரங்கள் எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். வெளியூர் அதிகாரி சொன்னால் கதவை மூடிவிடுவார். இருபது ஆண்டாகத் தெரிந்த பக்கத்துத் தெருக்காரர் சொன்னால் கேட்பார். நோய் இல்லாத காலத்திலும் பெட்டியைக் கிருமிநாசினி போட்டுக் கழுவுவது, இடம் மாற்றி வைப்பது, வேர்க்கடலையை மட்டுமே கொட்டாமல் ஹேசல் கொட்டை கலந்து வைப்பது, கால்சியத்துக்கு உதிர்ந்த மான்கொம்புத் துண்டு ஒன்றைத் தொங்கவிடுவது எல்லாம் இப்படித்தான் வாய்வழியாகப் பரவின. செத்துக் கிடக்கும் செவ்வணிலை எடுத்துப் பத்திரமாகப் பரிசோதனைக்கு அனுப்புவதும் அவர்கள் வேலை. எடின்பரோவின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் அவற்றை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதுகிறார்கள். அம்மை தவிர அடினோவைரஸ் கொல்கிறது, சாலையில் வண்டி அடிக்கிறது, பூனை பிடிக்கிறது. தொழுநோய்க் கிருமிகூட இருக்கிறது. மத்திய கால இங்கிலாந்தில் மனிதர்களைத் தாக்கிய அதே வகைத் தொழுநோய்க் கிருமி பிரௌன்ஸீ தீவின் செவ்வணில்களில் இன்னும் இருப்பதாக 2016-இல் கண்டுபிடித்தார்கள்.

இனிக் கசப்பான பகுதி. சாம்பல் அணில் வந்ததை எண்ணி எழுதிவிட்டால் போதாது. அதை அகற்ற வேண்டும். அகற்றுவது என்றால் கொல்வது. செவ்வணில் உள்ள காட்டில் உயிரோடு பிடிக்கும் கூண்டைத்தான் வைக்கிறார்கள். தினமும் போய்ப் பார்க்க வேண்டும், உள்ளே செவ்வணில் இருந்தால் அப்போதே திறந்துவிட வேண்டும். சாம்பல் அணில் என்றால், துன்பப்படாமல் உடனே உயிர் போகும்படி செய்ய வேண்டும். வேறு எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமே என்று மனம் கேட்கும். சட்டம் அனுமதிக்காது. பிடிபட்ட சாம்பல் அணிலைத் திரும்ப விடுவதே குற்றம். தன்னார்வலர்களில் பலர் இந்த வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள், அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. குழுவுக்குள்ளேயே ஒருவர் எண்ணுவார், ஒருவர் கூண்டைச் சுத்தம் செய்வார், மனத்திடம் உள்ள ஓரிருவர் மட்டும் கடைசி வேலையைச் செய்வார்கள்.

இது சரியா என்று கேட்பீர்கள். சாம்பல் அணில் ஒரு பாவமும் செய்யவில்லை. யாரோ பிரபு கூடையில் கொண்டுவந்து விட்டதற்கு அது என்ன செய்யும்? அந்த வலியை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தலையிடாமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதன் பலி செவ்வணில். அந்தச் சாவு அம்மைப் புண்ணோடு, கண் தெரியாமல், பத்துப் பன்னிரண்டு நாள் நீளும் சாவு. இத்தாலியில் 1997-இல், சாம்பல் அணில் இன்னும் சிறிய பகுதிக்குள் இருந்தபோதே அகற்றிவிட ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. விலங்குரிமை அமைப்புகள் வழக்குப் போட்டன, வேலை நின்றது. வழக்கு முடிந்து அதிகாரிகள் குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பு வந்தபோது ஆண்டுகள் போயிருந்தன, அணில் கை மீறிப் பரவியிருந்தது. நல்ல எண்ணத்தோடு போட்ட வழக்குதான். விளைவு, கொல்ல வேண்டியவற்றின் எண்ணிக்கை பல மடங்கு கூடியது. ஊர்மக்களோடு பேசாமல், காரணம் சொல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது என்பதை அதிலிருந்து எல்லோரும் கற்றார்கள்.

பேசி, காரணம் சொல்லி, பொறுமையாகச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு வேல்ஸின் ஆங்கிள்ஸீ தீவைப் பார்க்க வேண்டும். மெனாய் நீரிணைதான் தீவையும் பெருநிலத்தையும் பிரிக்கிறது. இரண்டு பாலங்கள் உண்டு. 1960-களில் சாம்பல் அணில் தீவுக்குள் வந்தது. 1998 வாக்கில் தீவு முழுக்க மிஞ்சியது சுமார் நாற்பது செவ்வணில். எஸ்மே கெர்பி என்ற அம்மையார் தொடங்கிய அறக்கட்டளையின் முயற்சியில், விலங்கியலாளர் கிரெய்க் ஷட்டில்வொர்த் முன்னின்று, ஒவ்வொரு தோப்பாகச் சாம்பல் அணிலை அகற்றினார்கள். பதினைந்து ஆண்டில் ஆறாயிரத்துக்கும் மேல். நிலத்துக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள், கூண்டைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள், எங்கே எதைக் கண்டாலும் தொலைபேசியில் சொன்னார்கள். சாம்பல் அணிலின் அடர்த்தி குறையக் குறைய, மிஞ்சியவற்றில் வைரஸின் தடயமும் வெகுவாகக் குறைந்தது. கூட்டம் மெலிந்ததும் நோய் தாவுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. 2004 முதல் நியூபரோ காட்டில் செவ்வணில்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 2010-களின் நடுவில் தீவில் சாம்பல் அணில் இல்லை என்ற நிலை வந்தது. இன்று எழுநூறு, எண்ணூறு செவ்வணில்கள் அங்கே இருக்கின்றன. அவை நீரிணையைத் தாண்டிப் பெருநிலத்தின் காடுகளுக்கும் போயிருக்கின்றன. எதிர்த்திசையில் சாம்பல் அணில் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும் ஓயவே ஓயாது.

இதற்குள் காடே ஒரு உதவியை அனுப்பியது. பைன் மார்ட்டன் என்று ஒரு வேட்டை விலங்கு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலகிரி மார்ட்டனுக்கு நெருங்கிய சொந்தம். பூனையளவு உடம்பு, மரமேறுவதில் சூரன். தோலுக்காகவும், வேட்டைப் பறவைகளைத் தின்கிறது என்ற கோபத்திலும் பிரிட்டனில் ஏறக்குறைய துடைத்துவிட்டிருந்தார்கள். சட்டப் பாதுகாப்பு வந்தபின் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் மெல்லத் திரும்பியது. அது திரும்பிய இடங்களில் சாம்பல் அணில் குறைகிறது, செவ்வணில் திரும்புகிறது என்று அயர்லாந்தின் நடுப்பகுதியில் நடந்த ஆய்வு 2014-இல் சொன்னது. 2018-இல் ஸ்காட்லாந்தில் அது உறுதியானது. செவ்வணில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இந்த வேட்டைக்காரனோடு சேர்ந்து வாழ்ந்தது, வாசனை கண்டால் எச்சரிக்கையாக இருக்கத் தெரியும். சாம்பல் அணிலுக்கு அது தெரியாது. இந்த ஆய்வுகளுக்கும் தீனிப்பெட்டியில் ஒட்டிய முடியும், ஊர்மக்கள் அனுப்பிய தகவலும்தான் அடிப்படை. வட அயர்லாந்தில் தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கான இடங்களில் வைத்த கேமராக்கள்தான், மார்ட்டன் நகரங்களுக்குள் வராததால் சாம்பல் அணில் அங்கே பதுங்கிப் பிழைத்துக்கொள்ளும் என்பதையும் காட்டின. ஆகவே மார்ட்டன் வந்துவிட்டது, நாம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல முடியாது.

அறிவியலும் முயன்றுகொண்டிருக்கிறது. சாம்பல் அணில் மட்டும் திறக்கும்படி எடைக்கதவு வைத்த பெட்டியில் கருத்தடை மருந்து கலந்த தீனி வைப்பது குறித்து அரசு ஆய்வகம் ஒன்று பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. எடை வித்தியாசம் இருப்பதால் இது நடக்கக்கூடியதுதான். அம்மைக்குத் தடுப்பூசி காண ஸ்காட்லாந்தின் மோர்டன் ஆய்வு நிறுவனம் முயன்றது. எதுவும் இன்னும் காட்டில் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதுவரை கூண்டும் கேமராவும் காட்டுக்குள் நடந்து பார்ப்பதும்தான்.

பணமும் நிலையாக இருப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2016 முதல் நான்கு ஆண்டுகள் ஒரு பெரிய திட்டம் நடந்தது. லாட்டரி நிதியில் வேறு திட்டங்கள் நடந்தன. திட்டம் முடிந்தால் சம்பளத்துக்கு வந்த வனக்காவலர் போய்விடுவார். ஆனால் சாம்பல் அணில் ஓர் இலையுதிர் காலத்தில் குட்டிகளோடு இடம் பெயர்ந்து காலி செய்த இடத்தை நிரப்பிவிடும். இரண்டு ஆண்டு கவனிக்காமல் விட்டால் பத்து ஆண்டு வேலை வீண். அந்த இடைவெளியைத் தாங்குவது உள்ளூர்க் குழுக்கள்தான். பென்ரித்திலும் கிராஸ்மியரிலும், ஸ்காட்லாந்தின் தென் எல்லை ஊர்களிலும் தங்கள் கைக்காசில் கூண்டும் தீனியும் வாங்கிச் சமாளிக்கிறார்கள். அரசுகள் இதை நல்ல உள்ளங்களின் தொண்டு என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. மரப்பட்டையைச் சாம்பல் அணில் உரிப்பதால் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஆண்டுக்கு 3.7 கோடி பவுண்ட் இழப்பு என்று காடு வளர்ப்பவர்களே கணக்குக் காட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு சிறு பங்கை நிலையான நிதியாக ஒதுக்கினால் இந்தக் குழுக்கள் பிச்சை எடுக்க வேண்டியிராது.

நியூகாஸிலிலும் கிளாஸ்கோவிலும் எடின்பரோவிலும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடுமுறைக்குப் போகிறவர்களும் உண்டு. லேக் டிஸ்டிரிக்டிலோ கீல்டர் காட்டிலோ ஆங்கிள்ஸீயிலோ நடக்கும்போது அணில் ஒன்றைக் கண்டால், காதையும் வாலையும் ஒருமுறை பாருங்கள். சிவப்போ சாம்பலோ, எதுவானாலும் இடத்தையும் தேதியையும் குறித்து உள்ளூர் அணில் குழுவுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முடிந்தால் ஒரு படம் சேர்த்து அனுப்புங்கள். கையிலிருக்கும் வேர்க்கடலையை மட்டும் அதற்குப் போடாதீர்கள்.